உள்ளே இருக்கும் கை



பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கச் செல்லும் நம் தாய்மார்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. பானையை ஒரு கையில் ஏந்தி, மறு கை விரலை மடக்கி ஒருமுறை சுண்டிப் பார்க்கிறார்கள். கணீரென்று ஒலித்தால் பேரம் தொடங்கும். மந்தமாக ஒலித்தால், எங்கோ விரிசல் இருக்கிறது என்று கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். நாம் ஒருமுறை சுண்டிக் கேட்டு மகிழும் அந்த ஒலி, குயவர் ஆயிரக்கணக்கான முறை தட்டியதால் பிறந்தது என்பதை நினைப்பவர் சிலரே. குயத்தொழில் என்றவுடன் நம் மனக்கண்முன் சுழல்வது சக்கரம்தான். மறையுரைகளிலும் பேச்சு பெரும்பாலும் சக்கரத்தோடு நின்றுவிடுகிறது.

சக்கரத்தின் பாடமும் பெரியதுதான்; அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. இறைவாக்கினர் எரேமியா ஆண்டவரின் சொற்படி குயவரின் இல்லத்துக்கு இறங்கிச் சென்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வனைந்த கலம் குயவரின் கையில் கெட்டுப்போயிற்று. குயவர் மண்ணை வீசி எறியவில்லை. அதே மண்ணைத் திரட்டி வேறொரு கலமாக வனைந்தார். எரேமியா நூலின் 18ஆம் அதிகாரத்தில் இதைப் படித்து ஆறுதல் அடையாத பாவி எவர்? அந்நாட்டுக் குயவர் காலால் சக்கரத்தைச் சுழற்றினார் என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் நாட்டிலோ கோலைச் சக்கரத்தில் செருகிக் கையால் சுழற்றிவிடுவது பழைய வழக்கம். இன்று பல ஊர்களில் மின்சாரச் சக்கரம் வந்துவிட்டது. எப்படிச் சுழன்றாலும் சக்கரத்தில் நிகழும் வேலை விரைவானது, காண இனியது. சில நிமிடங்களில் மண்ணுருண்டை மேலெழுந்து, வயிறு விரிந்து, கழுத்து ஒடுங்கி, வாய் மலர்ந்துவிடும். சுற்றி நிற்கும் சிறுவர்கள் கை கொட்டுவார்கள்.

ஆனால் அப்பொழுது பிறந்திருப்பது பானை அன்று. நீர்க்குடம், சோற்றுப்பானை போன்ற வயிறு பருத்த கலங்களை நம் நாட்டு முறையில் வனையும்போது அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். நூலால் அறுத்துச் சக்கரத்திலிருந்து எடுக்கப்படும் அக்கலத்துக்கு வாய் இருக்கும், கழுத்து இருக்கும், தடித்த சுவர் இருக்கும், அடி இராது. கீழே கை நுழையும் அளவுக்குத் திறந்தே கிடக்கும். தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரியும்.

இதை முதன்முதல் கண்டபோது என் நினைவுக்கு வந்தவை நம் பங்குகளில் நடைபெறும் தியானங்கள். மூன்று நாள், ஐந்து நாள் தியானம் முடிந்து மக்கள் கண்ணீரோடும் பாடலோடும் வெளியே வருகிறார்கள். பகைவர் இருவர் கைகுலுக்குகிறார்கள். குடியை விட்டேன் என்று ஒருவர் பீடத்தின்முன் உறுதி கூறுகிறார். உறுதிபூசுதல் பெற்ற பிள்ளைகள் ஒரு மாதம் நாள் தவறாமல் திருப்பலிக்கு வருகிறார்கள். இவை பொய் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சக்கரத்தில் கிடைத்த வடிவம் உண்மையான வடிவமே. வாய் மலர்ந்துவிட்டது, அதனால் பாட முடிகிறது. அடி இன்னும் மூடவில்லை, அதனால் ஊற்றியது நிற்பதில்லை. மூன்றாம் மாதம் பழைய குணம் தலைதூக்கும்போது, "தியானம் வீணாயிற்று, எல்லாம் நடிப்பு" என்று வீட்டாரே ஏளனம் செய்கிறார்களே, அது அறியாமை. அடியில்லாக் கலத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் குயவரைப் பழிப்பவர் உண்டோ?

அடி எப்படி மூடுகிறது? இதுதான் நீண்ட வேலை. இதற்குக் கூட்டம் கூடுவதில்லை. அறுத்தெடுத்த கலத்தை நிழலில் வைத்துச் சிறிது உலரவிடுகிறார்கள். பின்னர்க் குயவர் அதை மடியில் சாய்த்துக்கொள்கிறார். வலக்கையில் மரத்தாலான தட்டுப்பலகை. இடக்கையில் உருண்டையான ஒரு கல். கல்லோடு கையைக் கலத்தின் உள்ளே விட்டுச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே வெளியிலிருந்து தட்டுகிறார். கலத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டத் தட்டத் தடித்த சுவர் மெலிகிறது, வயிறு பெருக்கிறது, மிகுந்திருந்த மண் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழ்நோக்கி இழுபட்டு, திறந்திருந்த துளை சுருங்கி, கடைசியில் மூடிக்கொள்கிறது. புதிதாக ஒரு பிடி மண்ணும் சேர்ப்பதில்லை. சுவரில் தடித்துக் கிடந்த மண்ணே அடியாகிறது. ஈரமண் பலகையில் ஒட்டிக்கொள்ளாதபடி இடையிடையே சாம்பலைத் தொட்டுக்கொள்கிறார்கள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பெறும் நாம் இதையும் எண்ணிப் பார்க்கலாம்: தம்மை அடித்த துன்பத்தோடே ஒட்டிக்கொண்டு, பத்தாண்டுக்குப் பின்னும் அதையே பேசி வாழ்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

வெளியே நிற்பவர் காண்பது அடிக்கும் கையை மட்டுமே. கேட்பதும் அடியின் ஓசையை மட்டுமே. உள்ளே இருக்கும் கையை எவரும் காண்பதில்லை. அந்தக் கை அரை விரற்கடை விலகி நின்றாலும் பலகையின் அடி சுவரைப் பள்ளமாக்கிவிடும், அல்லது கிழித்துவிடும். கல் சரியாக அடி விழும் இடத்திலேயே நிற்பதால்தான், அதே அடி சுவரை உடைக்காமல் வளர்க்கிறது. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், நம்மை மண்பாண்டங்கள் என்று கூறிய கையோடு, எப்பக்கமும் நெருக்கப்பட்டும் தாம் நொறுங்கிப்போகவில்லை என்றும், கீழே தள்ளப்பட்டும் அழிந்துபோகவில்லை என்றும் எழுதுகிறார். அந்த ஆற்றல் தம்முடையதன்று, உள்ளிருக்கும் கடவுளுடையது என்பதே அவர் தரும் விளக்கம். பலமுறை சாட்டையடியும் ஒருமுறை கல்லெறியும் பட்ட உடல் அவருடையது. வாய்ப்பேச்சாக அவர் இதை எழுதவில்லை.

இந்தத் தட்டும் வேலையின் அருமையைக் காண விரும்புவோர், வைகைக் கரையிலுள்ள மானாமதுரையை நினைத்துக்கொள்ளலாம். அவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இசைமேடையில் நாம் கேட்கும் கடம் அங்கேதான் பெயர்பெற்றது. கடத்தைத் தட்டும் பணியை அங்கே பெண்கள் செய்து வந்திருக்கிறார்கள். அவ்வேலைக்காக மீனாட்சி அம்மாளுக்கு 2013ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது வழங்கப்பட்டது. சுவர் எங்கும் ஒரே கனமாக அமைந்தால்தான் சுருதி சேரும்; ஓரிடத்தில் தட்டு குறைந்தாலும் நாதம் கெடும். வித்துவானின் விரலுக்கு வரவேற்பு கிடைக்கும். தட்டிய தாயின் கையைச் சபையோர் அறியார். இத்தகைய கைவினைஞரை ஊர்ச்சபையில் ஆலோசனைக்கு அழைப்பதில்லை, ஆயினும் அவர்கள் இன்றி எந்த நகரமும் இல்லை என்று சீராக்கின் நூல் அதே அதிகாரத்தில் கூறுகிறது. அவர்களுடைய தொழிலே அவர்களுடைய மன்றாட்டு என்று முடிக்கிறது. நம் சிற்றூர்களில் வேளார் வீட்டுக் கதவைத் திருவிழாவுக்கு மட்டும் தட்டும் பெரியவர்கள் இவ்வதிகாரத்தை ஒருமுறை வாசித்தால் நலம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குயவர், களிமண் என்னும் உவமையைக் கேட்டவுடன் சிலர், "வருவதெல்லாம் ஆண்டவர் கொடுக்கும் அடி; பொறுத்துக்கொள்" என்று பிறருக்கு உபதேசம் செய்யப் புறப்பட்டுவிடுகிறார்கள். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவனுடைய கை குயவரின் கை அன்று. வரதட்சணைக்காக மருமகளைச் சொல்லால் குத்தும் மாமியாரின் நாக்கு தட்டுப்பலகை அன்று. உள்ளே தாங்கும் கை இல்லாமல் வெளியே மட்டும் அடிப்பதற்கு வனைதல் என்று பெயரில்லை. உடைத்தல் என்றே பெயர். அப்படிப்பட்ட வீட்டில் துன்புறும் பெண்ணைப் பார்த்து, "இது உன் சிலுவை" என்று சொல்லி அனுப்புவது குருவானவருக்கும் ஆகாது, உறவினருக்கும் ஆகாது. அவளுக்கு முதலில் தேவைப்படுவது அடி விழாத ஓர் இடம்.

பிள்ளை வளர்ப்பிலும் இதே அளவுகோல்தான். கண்டிக்காத பெற்றோர் அடியில்லாக் கலத்தை உலகுக்கு அனுப்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் இக்காலத்தில் நான் மிகுதியாகக் காண்பது வேறு. மதிப்பெண் குறைந்தால் அடி, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அடி, கைப்பேசியைத் தொட்டால் அடி. அந்தப் பிள்ளை இரவில் எதற்காக அழுகிறது என்று கேட்க ஒருவரும் இல்லை. கண்டிக்கும் தந்தைக்கு, அந்தப் பிள்ளையின் உள்ளத்துக்குள் முதலில் கை நுழைந்திருக்க வேண்டும். நேரமும் பார்க்க வேண்டும். ஈரம் மிகுந்திருக்கும்போது தட்டினால் கலம் சரிந்துவிடும். காய்ந்து இறுகியபின் தட்டினால் வெடித்துவிடும். பதம் பார்க்கக் குயவரிடம் கருவி எதுவும் இல்லை. உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கிறார், அவ்வளவே. தொடாமலே தட்டுகிறவர்களை என்னவென்பது?

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். குளத்து மண்ணைக் கொணர்ந்து, ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்துப் பிசையும்போது குயவர் சிறு கற்களைப் பொறுக்கி எறிகிறார். அவற்றுள் அவர் மிகவும் அஞ்சுவது சுக்கான் கல்லை, அதாவது சுண்ணாம்புக் கல்லை. பயறளவு கல் ஒன்று தப்பி உள்ளே தங்கிவிட்டால், தட்டும்போதும் தெரியாது, சூளையிலும் தெரியாது. சூளைத் தீயில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடுகிறது. பானை வீட்டுக்கு வந்து அடுப்படியில் அமர்ந்தபின், காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்லப் பெருத்து, ஒருநாள் ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே தெறிக்கும். உடன்பிறந்தார் இருவர் நாற்பது ஆண்டு ஒரே கோயிலில் நற்கருணை வாங்கியபின், தந்தையின் அடக்கத்துக்கு மறுநாள் ஒரு சுவரின் பங்குக்காகக் காவல் நிலையத்தில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். ஊரார், "திடீரென்று என்ன நேர்ந்தது?" என்று கேட்டார்கள். திடீரென்று ஒன்றும் நேரவில்லை. சிறுவயதில் இளையவனுக்குக் கிடைத்த ஏதோ ஒன்று மூத்தவனுக்குக் கிடைக்காமற்போயிருந்தது. அந்தப் பயறளவு கல்லை அன்றே எவரும் எடுக்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் பெரும் பாவங்களைத் தேடி அலைகிறவர்கள் இத்தகைய சிறு கற்களைத் தடவிப் பார்த்தால் நன்று.

சூளையைப் பற்றி விரிவாக எழுத இம்மாதம் இடம் போதாது. ஒன்று மட்டும் கூறுவேன். ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கடந்த களிமண் பிறகு எவ்வளவு நீரில் ஊறினாலும் மறுபடி களிமண் ஆவதில்லை. இதனால்தான் எரேமியா நூலில் 18ஆம் அதிகாரத்தை அடுத்து 19ஆம் அதிகாரம் வருகிறது போலும். முதலதில் ஈரமண், கெட்டாலும் மீண்டும் வனையலாம். அடுத்ததில் சுட்ட கலம். இறைவாக்கினர் அதை மக்கள் முன்னிலையில் உடைக்கிறார், அதை ஒட்டவைக்க இயலாது. நமக்கு மனமாற்றத்துக்கென்று தரப்பட்ட காலம் ஈரம் இருக்கும் காலம்.

இவற்றுள் ஒரு பகுதியை அண்மையில் ஞாயிறு மறையுரையில் கூறினேன். திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் தனியே நின்றுகொண்டிருந்தார். கணவர் இறந்து ஓராண்டு ஆகவில்லை. வட்டிக்காரர்கள் வாசலுக்கு வருகிறார்கள். மூத்த மகன் பள்ளிக்குச் செல்வதை நிறுத்திவிட்டான். "சாமி, வெளியே தட்டுவது எனக்கு நன்றாகத் தெரிகிறது. உள்ளே கை இருப்பதுதான் தெரியவில்லை" என்றார். அவர் முறையிடவில்லை, கண்டதைச் சொன்னார். "அம்மா, வீட்டுக்குப் போங்கள், மாலையில் வருகிறேன்" என்று மட்டும் கூறினேன். வேறு என்ன கூறியிருந்தாலும் அது இன்னோர் அடியாகத்தான் விழுந்திருக்கும்.

மாலையில் நான் தனியே செல்லவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த, கணக்கு அறிந்த ஒருவரை அழைத்துச் சென்றேன். கடன் சீட்டுகளை விரித்துவைத்து எழுதிப் பார்த்தபோது, அவற்றுள் இரண்டு ஏற்கெனவே அடைத்து முடிந்தவை என்று தெரிந்தது. அன்றிரவு முதல் அத்தெருவைச் சேர்ந்த மூன்று வீட்டுப் பெண்கள் முறைவைத்து அவர் இல்லத்துக்குத் துணையாகப் படுக்கச் செல்கிறார்கள். மூவருள் ஒருவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். மற்ற இருவரும் செபமாலை சொல்லும்போது அவர் அடுப்படியில் மறுநாளுக்கு அரிசி களைந்து வைக்கிறார். பையன் திங்கட்கிழமைதோறும் பள்ளி உடையில் என் அறைக்கு வந்து வருகைப் பதிவேட்டைக் காட்டிவிட்டுப் போகிறான். கடன் இன்னும் தீரவில்லை.