இறைவன் ‘அம்மையே’ என்றழைத்த இல்லத்தரசி

திருநள்ளாற்றுக்கு வரும் அன்பர்கள் நள தீர்த்தத்தில் நீராடி, தர்ப்பாரண்யேசுவரரையும் போகமார்த்த பூண்முலையாளையும் வணங்கி, சனீசுவர பகவானைத் தரிசித்து ஊர் திரும்புகின்றனர். அங்கிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவிலுள்ள காரைக்காலில், குடும்பம் நடத்திய ஒரு பெண்மணிக்குத் தனிக்கோயில் இருப்பதைப் பலர் அறிவதில்லை. அவரே காரைக்கால் அம்மையார்.

அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. காரைக்கால் வணிகர் தலைவர் தனதத்தனின் ஒரே மகள். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு மணம் செய்து கொடுத்த தந்தை, ஒரே மகளைப் பிரிய மனமின்றி, காரைக்காலிலேயே அவர்களுக்குத் தனி இல்லம் அமைத்துத் தந்தார். கணவர் வாணிகம் கவனித்தார். மனைவி இல்லறம் கவனித்தார். அடியார் எவர் வந்தாலும் அவ்வீட்டில் அமுது உண்டு.

ஒருநாள் பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். அவ்வேளையில் பசித்த அடியார் ஒருவர் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறியமுது ஆகவில்லை. காத்திருக்கச் சொல்ல மனம் வராத புனிதவதியார், ஒரு கனியைச் சோற்றுடன் படைத்தார். நண்பகலில் உண்ண வந்த கணவர், மற்றொரு கனியின் சுவையில் மகிழ்ந்து, இன்னொன்றையும் கேட்டார். அம்மையார் உள்ளே சென்று இறைவனை நினைந்து நின்றார். கையில் ஒரு கனி வந்தது.

அதன் சுவை வேறாக இருக்கவே, ‘இது எங்கே கிடைத்தது?’ என்று கணவர் வினவினார். அம்மையாரின் வாழ்வில் கடினமான கணம் அதுவே. இறைவன் தனக்கென அருளியதை வெளியே சொல்லுதல் முறையன்று. கணவர் கேட்டதற்கு உண்மை சொல்லாதிருத்தலும் முறையன்று. ஒரு சிறு பொய் போதும், குடும்பம் குலையாமல் இருந்திருக்கும். அம்மையார் நடந்ததை நடந்தவாறே கூறினார். நம்பாத கணவர், ‘இன்னொரு கனி வரவழைத்துக் காட்டு’ என்றார். அதுவும் வந்தது, அவர் கையில் வாங்கியதும் மறைந்தது.

பரமதத்தன் கோபிக்கவில்லை, அஞ்சினான். மனைவியைத் தெய்வம் என்று கருதியவன் அவருடன் வாழ இயலாமல், கடல் வாணிகம் என்று சொல்லிக் கப்பலேறிப் போனான். பின்னர்ப் பாண்டிநாட்டு நகர் ஒன்றில் தங்கி, மறுமணம் புரிந்து, பிறந்த பெண்மகவுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். இவையொன்றும் அறியாத அம்மையார் காரைக்காலில் மனையறம் வழுவாமல் காத்திருந்தார். வாணிகத்துக்குப் போன கணவர் வருவார் என்றே விளக்கேற்றிய வீடு அது.

செய்தி அறிந்த உறவினர் அம்மையாரைச் சிவிகையில் அழைத்துச் சென்றனர். பரமதத்தன் மனைவியோடும் குழந்தையோடும் எதிர்வந்து அவர் அடியில் விழுந்தான். அம்மையார் கணவரைப் பழிக்கவில்லை. இவருக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று இறைவனிடம் பேயுருவம் வேண்டிப் பெற்றார். கயிலையை அடைந்தபோது, அது காலால் மிதிக்கத் தகாத இடமென்று தலையால் நடந்து ஏறினார். அப்போதுதான், தாயும் தந்தையுமில்லாத இறைவன் அவரை ‘அம்மையே’ என்றழைத்தார். வயிற்றில் பிள்ளை சுமவாத ஒருவரை உலகுக்கெல்லாம் அப்பனானவர் தாய் என்று கூறினார்!

பின்னர்த் திருவாலங்காட்டில் ஆடல்வல்லானின் திருவடிக்கீழ் அம்மையார் இருந்தார். அவர் பாடியவை பதினோராம் திருமுறையில் உள்ளன. அற்புதத் திருவந்தாதி 101 பாடல்கள், திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. திருநள்ளாற்றுப் பதிகத்தை மதுரையில் அனலிலிட்டுப் பச்சையாய் எடுத்த திருஞானசம்பந்தரே, அம்மையார் தலையால் நடந்த ஊர் என்று திருவாலங்காட்டினுள் கால்வைக்கத் தயங்கி அருகிலுள்ள ஊரில் தங்கினார் என்கிறது பெரியபுராணம். நாயன்மார் 63 பேரின் வரிசையில் நிற்கும் பிறரிடையே அமர்ந்திருப்பவர் அம்மையார் ஒருவரே. அடுத்த முறை சிவாலயம் செல்லும்போது பேரப்பிள்ளைகளுக்கு அத்திருவுருவைக் காட்டலாம்.

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசுவர். பிள்ளைப்பேறு வேண்டுவோர் அதை ஏந்திப் பெறுவதைப் பிரசாதமாகக் கொள்வர். தமக்கென ஒரு பிள்ளை இல்லாத அம்மையாரின் விழாவில் இவ்வேண்டுதல் நிகழ்கிறது.

தமிழில் பேத்தி என்னும் சொல் ‘பெயர்த்தி’ என்பதிலிருந்து வந்தது. பாட்டியின் பெயரைத் தாங்குபவள் என்று பொருள். அம்மையாரின் பெயரைத் தாங்க அவர் மகவு இல்லை. அவரைப் பிரிந்தவனின் மகள் தாங்கினாள். நம் வீடுகளில் பந்தியில் கடைசியாக உண்டு, வந்தவர் பசியை முதலில் ஆற்றிய பாட்டிமார் எத்தனை பேர்! அவர்களின் இயற்பெயரைச் சொல்லத் தெரியாத பேரப்பிள்ளைகள் இன்று பலர். அப்பெயரைக் கேட்டறிந்து, திதி நாளில் அந்தப் பெயரைச் சொல்லி ஓர் அடியாருக்கு அன்னமிட்டாலே போதும். அடுப்படியில் தொடங்கிய அம்மையாரின் தொண்டு அவ்வீட்டிலும் தொடரும்.