பாதை போட்டவர்களுக்குப் பேர் எங்கே?

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, அப்பா அம்மா வைத்த பேர். மற்றது, கணக்கப்பிள்ளை செக்ரோலில் போடும் பேர். காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று, கேட்ட கிலோவை நிறுத்துக் கொடுத்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். வேலை செய்தவருக்குப் பேர் போடாமல் விட்டால் தோட்டமே திரண்டு வந்து கேட்கும். இன்று நம்முடைய மலைகளுக்குள் போகும் பெக்கோ நடைபாதையைப் பற்றியும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பெக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். ஸ்டோரில் தூள் சலிக்கிறவர்களுக்கு அது புதிதல்ல. அந்தப் பெயரைத் தாங்கிய நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. நீளம் 300 கிலோமீற்றருக்கும் மேல். 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். லூல்கந்துர, பொகவந்தலாவை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம், ஹப்புத்தளை, எல்ல, உடப்புசல்லாவை என்று மலையகத்தைச் சுற்றி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யு.எஸ்.எயிட் நிறுவனமும் இதற்கு நிதி கொடுத்தன. உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து முதுகில் பையுடன் நடக்கிறார்கள்.

இதற்காகப் புதிதாக மலை வெட்டவில்லை. ஏற்கனவே இருந்த தோட்டப் பாதைகளையும் குறுக்குப் பாதைகளையும் ரயில் பாதையோரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்தார்கள். அது நல்ல யோசனை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏற்கனவே இருந்த பாதை தானாக முளைத்ததா? காடு அழித்து, கல் உடைத்து, கான் வெட்டி, சரிவுக்குக் கல் அடுக்கியது யார்? தலையில் கூடையும் முதுகில் பிள்ளையுமாக ஏறி இறங்கி அந்தத் தடத்தைப் பாதையாக்கியது யார்?

இந்தப் பாதையைப் பற்றி வரும் விளம்பரங்களில் இரண்டு பேர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர். அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் கல் ஆசனம் இன்றும் பார்வையிடும் இடம். மற்றவர் தோமஸ் லிப்டன். 1890இல் வந்து தோட்டங்களை வாங்கியவர். ஹப்புத்தளை தம்பேதன்னை மலை உச்சியில் இருக்கும் 'லிப்டன் சீட்' அவர் பெயரில்தான் வழங்குகிறது. துரைமார் உட்கார்ந்த இடமெல்லாம் சரித்திரம். நம்மவர் நின்ற இடத்துக்கு மட்டும் "அழகிய காட்சி" என்று பேர். டெய்லரின் பேரை அழிக்கச் சொல்லவில்லை. அவர் 19 ஏக்கரையும் தனியாக வெட்டி நட்டாரா என்று மட்டும் கேட்கிறோம்.

சரித்திர இடங்கள் வேண்டுமென்றால் நம்மிடமும் இருக்கின்றன. லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டப் பக்கத்தில்தான் முல்லோயா தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் அங்கே உயிர்விட்டவர் கோவிந்தன். வருடா வருடம் அந்த நாளில் மலையகத் தியாகிகளை நினைக்கிறோம். டெய்லரின் ஆசனத்தைத் தேடி வரும் ஒருவருக்கு, கோவிந்தன் விழுந்த மண்ணும் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்ல ஒரு பலகை வேண்டாமா?

ஹப்புத்தளைக்கு வருகிறவர்கள் தெற்கே பார்த்து வியக்கிறார்கள். மலை அப்படியே அறுந்து விழுந்ததுபோல் இறங்கி, கீழே சமவெளி விரியும் இடம் அது. உலக முடிவில் செங்குத்தாக இறங்கும் பள்ளம் 800 மீற்றருக்கும் மேல். பார்க்க வருகிறவருக்கு அது காட்சி. சரிவிலே லயத்தில் படுக்கிறவருக்கு அது மழை பெய்தால் தூக்கம் கெடுக்கும் பயம். அந்த மலைத்தொடரின் தெற்குச் சரிவில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குக் கிளம்பும் நேரம். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தும் பாதுகாப்பான இடத்தில் வீடு கொடுக்கவில்லை. மண்ணுக்குள் போன எத்தனையோ பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலையகச் சரிவுகள்தான் அதிகம் சரிந்தன. நடைபாதையின் ஒரு துண்டு இடிந்தால் மாற்றுவழி போடலாம். லயம் இடிந்தால் அதற்கு மாற்றுவழி என்ன?

மலையகத்தின் மிகப் பழைய நடைபாதை ஹந்தானையில் தொடங்கவில்லை. அது தலைமன்னார் கரையில் தொடங்கியது. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் கணக்கில்லை. 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தபோது, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் கிளம்பி ஆகஸ்டில் மாத்தளையை அடைந்த நடைபயணம் அந்தத் தடத்தைத்தான் மறுபடி மிதித்தது. அந்தப் பாதைக்கும் கட்டம் கட்டமாகப் பலகை நடலாமே! பெக்கோ பாதைக்கு அது மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்து சேரும் முதல் அத்தியாயம் ஆகும்.

தோழர்களில் சிலர், "வெள்ளைக்காரன் நடந்துவிட்டுப் போகட்டும், நமக்கு சம்பளப் பிரச்சினை போதும்" என்கிறார்கள். சம்பளம்தான் முதல் பிரச்சினை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஓ.எல். முடித்த கையோடு கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். தோட்டத்தில் வேறு வேலை இல்லை. வாசலால் போகும் பாதையில் ஒரு வருமானம் இருக்கும்போது அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்காமல் இருப்பது நல்லதல்ல. நடக்க வருகிறவர் நமக்கு எதிரியும் அல்ல. நின்று பேசுகிறார், பிளேன்டீ கேட்கிறார், எங்கள் கதையையும் கேட்கிறார். கேட்கிறவருக்குச் சொல்ல நமக்கு இடம் இல்லை என்பதுதான் குறை.

ஏன் இடம் இல்லை? பாதையோரத்தில் இருக்கும் கிராமத்தவர் தன் வீட்டில் ஒரு அறையை ஒதுக்கிப் பலகை மாட்டினால் அது தங்குமிடம். அதே பாதையில் லயக் காம்பராவில் இருப்பவர் அப்படிச் செய்ய முடியாது. வீடு அவர் பேரில் இல்லை. நிலம் அரசாங்கத்துடையது, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போய், பிறகு 53 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. இஸ்தோப்பில் ஒரு மேசை போட்டுத் தேத்தண்ணி விற்கவும் யாருடைய அனுமதியாவது வேண்டும். துரை பங்களா சுற்றுலா விடுதியாகலாம். அதற்குக் காகிதம் இருக்கிறது. நமக்கு 200 வருடம் இருக்கிறது, காகிதம்தான் இல்லை. ஆகவே நடைபாதைப் பிரச்சினையும் கடைசியில் காணிப் பிரச்சினைதான்.

இதை வைத்து நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது, வீட்டுக்கும் காணிக்கும் கொடுக்கும் உறுதி முழு உரிமையோடு இருக்க வேண்டும். அந்த வீட்டில் விருந்தினரை ஏற்றவும் கடை வைக்கவும் தடை இருக்கக் கூடாது. அதுவரை காத்திருக்காமல், பாதை போகும் ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் ஒரு தேத்தண்ணிக் கடைக்கும் கழிப்பறைக்கும் கம்பனி இடம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, வழிகாட்டி வேலை. அந்த மலையின் ஒவ்வொரு நம்பரையும் பீலியையும் அட்டை கடிக்கும் இடத்தையும் அறிந்த பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கிறார்கள். சுற்றுலாத்துறை அவர்களுக்குத் தமிழில் பயிற்சி கொடுத்து அனுமதிப்பத்திரம் வழங்க வேண்டும். ஆங்கிலத்தை அதோடு சேர்த்துப் படிக்கலாம்.

மூன்றாவது, பாதையைப் பராமரிக்கும் வேலை. புல் வெட்டவும் கான் துப்பரவாக்கவும் நம் ஆட்களைக் கூப்பிட்டால் அது சேவையோ சிரமதானமோ அல்ல. அதற்குப் பேர் போட வேண்டும், ஈ.பி.எப்., ஈ.டி.எப். கட்ட வேண்டும்.

நான்காவது, மரியாதை. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதை நடக்க வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். படத்துக்கு நிற்கச் சொல்லி மேற்பார்வையாளர் வற்புறுத்துவதும் கூடாது. நிற்கிற நேரத்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர் விழுவது நமக்குத்தான்.

ஐந்தாவது, பலகைகள். எல்லாப் பலகையிலும் தமிழ் இருக்க வேண்டும். தோட்டங்களுக்கு நம் சனங்கள் வைத்த தமிழ்ப் பேர்களும் அதில் ஏற வேண்டும். பேப்பரில் ஒரு பேரும் வாயில் ஒரு பேருமாக வழங்கும் தோட்டங்கள் எத்தனை! வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் வாயில் இருக்கும் பேரும் போய்விடும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் இந்த ஐந்தையும் அடுத்த மாதக் கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும். பாதை உங்கள் தோட்டத்தின் எந்த மலை வழியாகப் போகிறது, யாருடைய வாசலைக் கடக்கிறது, எந்தச் சரிவு அடுத்த மழைக்கு நிற்காது என்று பார்த்து எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். கம்பனியோடும் சுற்றுலாத்துறையோடும் பேசப் போகும்போது நம் கையிலும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். வேலை முடிந்து 150 வருடத்துக்கு மேலாகிவிட்டது. பேர் போடும் நாள் இனியாவது வரட்டும்.