ஃபார்மட் அடிச்சுடலாம் சார்!

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். மெஷின் ஹேங் ஆகிறதா? ஃபார்மட். நீலத் திரை வருகிறதா? ஃபார்மட். கேம் ஆடும்போது பொசுக்கென்று அணைந்து போகிறதா? அதற்கும் ஃபார்மட். அந்தக் காலத்து டிஸ்பென்சரிகளில் காய்ச்சலோ வயிற்றுவலியோ, கம்பவுண்டர் ஒரே சிவப்பு மிக்ஸ்சரைத்தான் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். அதிலாவது கொஞ்சம் இனிப்பு இருந்தது.

மிக்ஸ்சருக்கு மசியவில்லை என்றால் அடுத்த வாக்கியம் ரெடி. ‘போர்டு போயிடுச்சு சார். பத்து வருஷ மெஷின். இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு. புதுசா ஒண்ணு போட்டுடுங்க.’

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது. அதைச் செய்ய ஆள் இல்லை. செய்தால் காசு கொடுக்கவும் ஆள் இல்லை. அதனால் பழுதான ஒரு 3,000 ரூபாய் சாமானுக்காக நல்ல மெஷின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

எதிர் வீட்டுப் பையனின் மெஷின் கதையைக் கேளுங்கள். 2015-ல் அவன் அண்ணனுக்காக அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜி.பி. ரேம், ஜி.டி.எக்ஸ். 960 கிராஃபிக்ஸ் கார்டு. அண்ணன் வேலைக்குப் போனதும் தம்பிக்கு வந்து சேர்ந்தது. படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது. அசைன்மென்ட் டைப் அடித்தால் ஒன்றும் ஆகாது. ஜி.டி.ஏ. ஃபைவ் ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷம் ‘டப்’. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்து, தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

முதல் கடையில் ஃபார்மட். 600 ரூபாய். கேட்காமலேயே டி டிரைவையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். தாத்தாவின் சதாபிஷேகப் போட்டோக்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன. வேறு காப்பி கிடையாது. தாத்தாவும் இப்போது இல்லை. வீட்டுக்கு வந்து கேமைப் போட்டான். பத்தாவது நிமிஷம் ‘டப்’.

இரண்டாவது கடையில் காபினெட்டின் ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் ‘போர்டு காலி’ என்று சொல்லி, புது மெஷினுக்கு 65,000 ரூபாய் கொட்டேஷனையும் கையில் கொடுத்தார்கள். பையனின் அப்பா கிட்டத்தட்ட சரி சொல்லிவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர் சாமான் விற்பவர் இல்லை. ரிப்பேர் மட்டும். ‘பார்க்கறதுக்கே 400 ரூபாய். சரியாகலைன்னாலும் குடுக்கணும்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி: ‘எப்ப விழுது தம்பி?’

முந்தைய இரண்டு கடைகளிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பாதி பதில் அதில்தான் இருக்கிறது. இந்த மாதிரி மெஷின் சும்மா இணையம் பார்க்கும்போது ஐம்பது, அறுபது வாட் இழுக்கும். கேம் ஓடும்போது இருநூறைத் தாண்டும். கேமில் மட்டும் விழுகிறது என்றால் முதலில் மின்சாரத்தையும் சூட்டையும் சந்தேகப்பட வேண்டும். அதிலும் நீலத் திரைகூட வராமல் அணைகிறது. விண்டோஸ் புலம்ப நேரம் கிடைத்தால்தானே நீலத் திரை வரும்!

அவர் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். ‘கெர்னல் பவர் 41’ என்று வரிசையாக இருந்தது. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கூடவே இருக்க வேண்டிய பிழை எண் பூஜ்யம். சூட்டை அளந்தார். ப்ராசஸர் 70 டிகிரி. பிரச்னையில்லை. காபினெட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஸ்டிக்கரைப் படித்தார். கொட்டை எழுத்தில் ‘450 வாட்’. கீழே பொடி எழுத்து அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள். 192 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் பிழைக்கின்றன. ப்ராசஸர் 84 வாட், கார்டு 120 வாட். ஆக 204.

அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி ஓடியது? புதிதாக இருந்தபோது எப்படியோ தாக்குப்பிடித்தது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பத்து சென்னை வெயில்களைப் பார்த்து உலர்ந்துபோன பிறகு முடியவில்லை. அவர் தன் பையிலிருந்து ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து மாட்டினார். கேம் இரண்டு மணி நேரம் ஓடியது. புது எஸ்.எம்.பி.எஸ். 3,000 ரூபாய், கூலி 400. 61,600 ரூபாய் மிச்சம். போட்டோக்கள் போனது போனதுதான்.

முதல் இரண்டு கடைக்காரர்களையும் வில்லனாக்கிவிட்டுப் போவது எனக்கு சுலபம். ஆனால் பி.காம். படித்தவன் வரவு செலவையும் பார்க்க வேண்டும். ‘சும்மா என்னன்னு பார்த்துச் சொல்லுப்பா’ என்கிறோம். டாக்டர் நாடி பிடித்தால் ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் ‘ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?’ என்று கேட்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது; சாமான் விற்றால்தான் லாபம் என்றால், தீர்ப்பு எப்போதும் சாமான் பக்கம்தான் சாயும். ஃபார்மட்டுக்கு இரண்டு மணி நேரம், அதில் ஒன்றரை மணி நேரம் மெஷின் தானாக ஓடிக்கொள்ளும். நிச்சயக் கூலி. கடைக்காரர் வேறென்ன செய்வார்?

ஆனால் ஃபார்மட்டில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. நீலத் திரை வரும்போதெல்லாம் விண்டோஸ் தன் மரண வாக்குமூலத்தை மினிடம்ப் என்ற ஃபோல்டரில் எழுதி வைக்கிறது. எந்த டிரைவர் மாட்டியது, மெமரியா, ப்ராசஸரா என்று துப்பு கிடைக்கிற இடம் அது. ஃபார்மட் முதலில் அதைத்தான் அழிக்கிறது. கொலை நடந்த வீட்டுக்கு வந்த போலீஸ் முதல் வேலையாகத் தரையைக் கழுவிவிட்டால் எப்படி இருக்கும்?

சாஃப்ட்வேர் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. வரும். வைரஸ், அரைகுறை டிரைவர் எல்லாம் உண்டு. அதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து மெஷினை ஓட்டுங்கள். டிஸ்க்கைத் தொடாமலேயே ஓடும். அதிலும் மெஷின் விழுந்தால் விண்டோஸ் நிரபராதி. செலவு பூஜ்யம். கடையில் யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

மெமரியைப் பற்றியும் நமக்கு அபார நம்பிக்கை. கூகுளின் சர்வர்களை வைத்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருஷத்தில் எட்டு சதவீதத்துக்கு மேற்பட்ட மெமரி மாட்யூல்களில் பிழை தென்பட்டது. கண்ணாடி அறையில் ஏ.சி. போட்டு வைத்திருக்கும் மெஷின்களிலேயே இப்படி. நம் வீட்டில் ஸ்லாட்டில் தூசி படிந்த ரேம் எம்மாத்திரம்! மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் 2011-ல் பத்து லட்சம் சாதாரண கம்ப்யூட்டர்களை ஆராய்ந்தார்கள். ஹார்டுவேர் கோளாறால் ஒருமுறை விழுந்த மெஷின், மறுபடி விழும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றார்கள். அதாவது ஃபார்மட் அடித்துக்கொண்டு போன மெஷின் திரும்பி வரும். அடுத்த 600 ரூபாயோடு.

‘பத்து வருஷம் ஆச்சு, அதான்’ என்று வயசின் மேல் பழி போடுகிறார்களே, அதிலும் எனக்குச் சண்டை உண்டு. டெல் நிறுவனம் 2003-லிருந்து 2005 வரை விற்ற ஆப்டிப்ளெக்ஸ் மெஷின்களில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. சரிசெய்ய 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அவை கிழட்டு மெஷின்களா? இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் புத்தம்புது கேமிங் மெஷின்கள் சரிந்தன. திரையில் வந்த செய்தியோ ‘வீடியோ மெமரி போதவில்லை’. ஜனங்கள் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள். கடைசியில் ப்ராசஸருக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போனதுதான் காரணம் என்று 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. திரையில் வருகிற செய்தியைக்கூட அப்படியே நம்ப முடியாது என்கிறபோது, திறந்தே பார்க்காமல் சொல்லும் தீர்ப்பை எப்படி நம்புவது?

வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 2017 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 40 சதவீதம் (அதற்கு முன் 60). 50,000 ரூபாய் மெஷின் 40 சதவீதக் கணக்கிலேயே பத்து வருஷத்தில் 302 ரூபாய் ஆகிவிடும். அது ஆடிட்டருக்கு. பையனுக்கு அது இன்னும் கேம் ஓடுகிற மெஷின்.

மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையது ஆகாது என்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இதைச் சாக்கிட்டு ‘விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு சார், அதான் க்ராஷ் ஆகுது’ என்று ஒரு புது வசனம் கிளம்பியிருக்கிறது. அப்டேட் நின்றால் பாதுகாப்புக்கு ஆபத்து. அதற்காக எஸ்.எம்.பி.எஸ். படுத்துக்கொள்ளாது. புதுசு மலிவு என்றும் நினைக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில், 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது.

பொறுமை இருந்தால் பாதியை நீங்களே பார்க்கலாம். எப்போது விழுகிறது, எந்த கேமில், எத்தனையாவது நிமிஷம் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். வெப்பநிலை காட்டும் இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போடுங்கள். ப்ராசஸர் 95, 100 என்று போனால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க்கின் நாலு கால்களில் ஒன்று கழன்றிருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஒன்றை மட்டும் மாட்டி, மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். மறுநாள் மற்றதை. சிவப்பாக ஒரே ஒரு வரி வந்தால்கூட அந்த ரேம் உதவாது. காபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறதா? வீட்டு எர்த்திங்கைப் பாருங்கள். எல்லாமே பிளக்கைப் பிடுங்கிவிட்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரன்ட் தங்கியிருக்கும்.

இதெல்லாம் வேண்டாம், கடைக்குத்தான் போவேன் என்றால், ‘கண்டுபிடிக்க எவ்வளவு?’ என்று முதலில் கேளுங்கள். அந்தக் காசைத் தகராறு பண்ணாமல் கொடுங்கள். எந்த சாமானை எதை வைத்துச் சோதித்தார் என்று பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். டிஸ்க்கைக் காப்பி எடுக்காமல் ஃபார்மட் கூடாது என்று வாயால் சொன்னால் போதாது, அதையும் எழுதுங்கள்.

சில சமயம் போர்டு நிஜமாகவே போயிருக்கும். நான்காம் தலைமுறைக்குப் புது போர்டு தேடுவது கஷ்டம். பழையது ரிச்சி தெருவில் கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் புதுசுதான் வாங்க வேண்டும். அப்போதும் பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் அப்படியே தள்ளிவிடாமல் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், காபினெட் எல்லாவற்றையும் கழற்றிக் கேளுங்கள். ‘இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?’ என்பார் கடைக்காரர். ‘உங்களுக்கு எதுக்கோ, எனக்கும் அதுக்குத்தான்’ என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.