சாத்தும் ஒரு குடம் தண்ணீரும்

‘கேரவன்’ என்பதற்குத் தமிழ் என்ன? சென்ற மாதம் என்னைப் படுத்திய கேள்வி இது. பயண நிறுவனம் ஒன்றின் விளம்பர ஏட்டை மொழிபெயர்க்கும் வேலை வந்திருந்தது. இருபது கேரவன்கள், வழிநடத்த ஒருவர், பத்து நாள். மத்தியதரைக் கடலோரத்துப் பார்சிலோனாவும் அதன் சுற்றுப்புறமும். ஊருக்கு வெளியே முகாம் திடலில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரு நாள் சக்ராதா ஃபமிலியா தேவாலயம், மறுநாள் மோன்செராத் மலை. மாலையில் திரும்பி வந்தால் சொந்தப் படுக்கை, சொந்தக் கழிப்பறை, சொந்தக் காபி. யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் ஏட்டின் சாரம்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி. பாரசீகத்தின் ‘கார்வான்’ அப்படிப்பட்டதல்ல; அது கூட்டமாகப் பாலைவனம் கடந்த வணிகர் அணி. நம்மிடமும் அதற்குச் சொல் உண்டு: சாத்து. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெருஞ்சாத்தின் தலைவன் என்பது பெயரிலேயே இருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறையான குஸெய்ர் அல் கதீமில் தோண்டியபோது, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பானை ஓட்டில், தமிழ் பிராமியில் ‘சாதன்’ என்று ஒரு பெயர் கிடைத்தது. சாத்தன்தான் அவன். நம் மிளகு செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் பாலை கடந்து, நைல் வழியாக மத்தியதரைக் கடலின் அலெக்சாந்திரியாவுக்குப் போன காலம் அது.

எனவே ‘சாத்து’ என்றே எழுதிக் கொடுத்தேன். நிறுவனத்தார் அதை அடித்துவிட்டு ‘கேரவன்’ என்று போட்டுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்தது சரி. கிணறு, நிழல், கொஞ்சம் உப்பு என்று வழியெங்கும் பிறரை நம்பிப் போனது சாத்து. யாரையும் நம்பத் தேவையில்லை என்பதற்காகவே போவது கேரவன். இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

ஏட்டில் இல்லாத செய்தி ஒன்றும் உண்டு. 2024 ஜூலை 6 அன்று பார்சிலோனாவில் ஆயிரக்கணக்கான உள்ளூர்வாசிகள் ஊர்வலம் போனார்கள். சிலர், உணவகங்களில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்கள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். குடியிருப்புகள் சுற்றுலா விடுதிகளாக மாறுகின்றன, வாடகை கைக்கு எட்டவில்லை என்பது அவர்கள் குறை. சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளை விட 10,101 உரிமங்கள் இருக்கின்றன. அவற்றை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று மாநகர நிர்வாகம் அறிவித்தது.

கேரவன்காரர்கள் யார் வீட்டையும் பறிக்கவில்லை. அந்த வகையில் அவர்கள் நல்ல விருந்தாளிகளே. ஆனால், வாடகை வீட்டில் தங்குபவரானாலும் வண்டியில் தங்குபவரானாலும், அந்த ஊர்க்காரர் ஒருவரோடு நாலு வார்த்தை பேசாமலே திரும்பிவிட முடியும். கேரளமும் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. 2022இல் வாகமணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. வரட்டும், வேலைவாய்ப்பு கிடைக்கும். ஆனால் கரமனையில் குடியிருப்பவனுக்கு வேறொரு முகாம் நினைவுக்கு வராமல் இருக்காது.

எங்கள் தெருவிலிருந்து ஆற்றுக்கால் பகவதி கோயில் நடக்கிற தூரம்தான். மாசியில் பத்து நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் பொங்காலை. 1997இல் 15 லட்சம் பெண்கள், 2009இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்திருக்கிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து வேன்களிலும் பஸ்களிலும் முந்தின நாளே வந்து இறங்குவார்கள். கொண்டுவருவது ஒரு மண்பானை, அரிசி, வெல்லம், தேங்காய், ஒரு கட்டு ஓலை. கொண்டுவராதவை தண்ணீர், கழிப்பறை, படுக்க இடம். இவற்றை ஊர் தர வேண்டும்.

“அண்ணே, ஒரு குடம் தண்ணி தருவியளா?” என்று வாசலில் ஒரு குரல் கேட்கும். அன்றைக்கு என் வேலை தண்ணீர் சுமப்பது மட்டும்தான், வீடு பெண்களுடையது. குளியலறைக்கு வரிசை நிற்கும். கூடத்தில் முன்பின் தெரியாத பாட்டிமார் பாய் விரித்திருப்பார்கள். மறுநாள் கோயிலில் தோற்றம் பாட்டு, பாண்டியன் வீழும் கட்டத்தைத் தாண்டியதும் பண்டார அடுப்பில் தீ மூட்டுவார்கள். அந்தத் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் வாசலுக்கும் வரும்.

இதைப் பொன்னுலகமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. புகையில் கண் எரியும். இரண்டு நாள் பஸ் ஓடாது. செங்கல் வைத்து இடம் பிடிப்பதில் சண்டை வரும். கேட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. கரமனையில் திண்ணை வீடுகள் குறைந்து, காவலாளி நிற்கும் அடுக்ககங்கள் பெருகுகின்றன. அங்கே குடத்தோடு வருபவர் யாரைக் கூப்பிடுவார்? கொரோனாவால் 2021, 2022 இரு ஆண்டும் பொங்காலை அவரவர் வீட்டோடு நின்றது. தெரு சுத்தமாக, அமைதியாக இருந்தது. அந்த அமைதி யாருக்கும் பிடிக்கவில்லை.

பொங்காலை முடிந்தால் ஆயிரம் ஆயிரமாகச் செங்கற்கள் கிடக்கும். மாநகராட்சி சில ஆண்டுகளாக அவற்றைச் சேகரித்து ஏழைகளின் வீடு கட்டக் கொடுக்கிறது. வந்தவர்களால் இருப்பவர்களுக்கு வீடு! பார்சிலோனாக்காரர்கள் இதைக் கேட்டால் நம்புவார்களா?

ஆற்றுக்கால் அம்மனைக் கண்ணகி என்றே மக்கள் கும்பிடுகிறார்கள். கிள்ளியாற்றில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், அக்கரை சேர்த்துவிடும்படி ஒரு சிறுமி கேட்டாள்; அவர் அவளை வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரித்தார் என்பது தலக்கதை. பெருஞ்சாத்துத் தலைவனின் மருமகள் வண்டியும் இல்லாமல், துணையும் இல்லாமல் வந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் உதவி கேட்டிருக்கிறாள். அவர் தந்ததால்தான் இந்த ஊருக்கு ஒரு தெய்வம் கிடைத்தது.

எங்கள் தெருமுனையில் புதிய அடுக்ககம் ஒன்று எழுகிறது. அடுத்த மாசிக்குள் குடி வந்துவிடுவார்கள். போய் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்: வாசல் பக்கம் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுவிடுங்கள் என்று.