மேடையில் மாலை வெயில்

சென்ற ஆண்டுக் கல்லூரி நாடகத்தில் விளக்குப் பொறுப்பு என்னுடையது. மாலைக் காட்சி வந்ததும் எல்லா விளக்குகளுக்கும் சிவப்புத் தாள் கட்டி மேடையையே சிவக்க வைத்தேன். கைதட்டலும் கிடைத்தது. பார்க்க வந்திருந்த என் தாயார் மட்டும், "என்னடா இது, வைக்கோற்போர் பத்திக்கிட்ட மாதிரி இருந்துச்சு! பொழுது சாய்ஞ்சா இப்படியா இருக்கும்?" என்றார். நாள்தோறும் இருட்டும்வரை வயலில் நிற்பவர் அவர்.

மறுநாள் மாலை திடலில் நின்று பார்த்தேன். மேற்கு நோக்கிய கன்னத்தில்தான் பொன்னிறம்; மறு கன்னத்தில் வானத்தின் மெல்லிய நீலம். நிழலும் வெறுங்கறுப்பன்று. காரணம் பிளஸ் டூவிலேயே படித்ததுதான். 1871-இல் ராலே விளக்கியபடி, 400 நானோமீட்டர் ஒளி 700 நானோமீட்டர் ஒளியைவிட 9 மடங்குக்கு மேல் காற்றில் சிதறுகிறது. சாய்ந்த வெயில் நெடுந்தொலைவு காற்றைக் கடப்பதால் நீலத்தை இழந்து சிவக்கிறது. நிழலிலோ வானத்தின் நீலம் விழுகிறது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான்!

விளக்குப் பொறுப்பேற்பவர் முதலில் வெளியே சென்று வெயிலைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. மாலைக் காட்சிக்கு ஒரு பக்கம் தாழ்வாக ஒரே மஞ்சள் விளக்கு, எதிர்ப்பக்கம் மங்கிய நீலம் போதும். நான்கு பக்கமும் விளக்கு வைத்தால் ஒருவருக்கே நான்கு நிழல் விழும்; சூரியன் ஒன்றல்லவா? பணமில்லை என்னும் நண்பர்களே, இதற்குப் பாதி விளக்குகளே தேவை.

இவ்வாண்டு ஒத்திகைக்கு முன் ஒருநாள், மாலை ஐந்தரை மணிக்கு நாடகக் குழுவினரைத் திடலுக்கு அழைத்துச் செல்லப் பேராசிரியர்கள் அனுமதிக்க வேண்டுகிறேன். நாடகத்தன்று தாயாரை மறுபடியும் அழைத்து வருவேன்.