இறங்கும் வழிக்கு ஏணி என்று பெயரா?

ஓராண்டில் விலகினால் சான்றிதழ்! ஈராண்டில் விலகினால் பட்டயம்! மூவாண்டு முடித்தால் பட்டம்! நான்காண்டும் நின்றால் சிறப்புப் பட்டம்! 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்த வரிசை இது. பல துறைகளைக் கலந்து படிக்கலாம், வேண்டும்போது வெளியேறலாம், பெற்ற மதிப்பெண்ணை வங்கியில் இட்டுவைத்துப் பின்னர் திரும்பி வரலாம் என்கின்றனர். மதிப்பெண் வங்கியில் இருக்கும். வீட்டில் அரிசி இருக்குமா?

துறை கலந்து கற்பதை நாம் பழிக்கவில்லை. பத்தமடைப் பாய்க்குக் கோரையும் வேண்டும், நூலும் வேண்டும். ஆனால், பாதி நெய்த பாயை எந்தச் சந்தையில் விற்பது?

அமெரிக்காவைப் பார் என்பர். பார்த்தோம். 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கியது அங்குள்ள ஈராண்டுக் கல்லூரி முறை. குறைந்த கட்டணம், உழைப்பாளி மகனுக்கும் திறந்த கதவு, ஏறத்தாழ 60 அலகுகள் முடித்தால் இணைப்பட்டம், அதைக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நுழையலாம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கல்லூரிகளில் சேர்வோரில் ஆறாண்டுக்குள் முழுப்பட்டம் பெறுவோர் நூற்றுக்கு 16 பேர் அளவே என்று அந்நாட்டு ஆய்வுகளே கூறுகின்றன. மேலேறும் வழியை முறையாக அமைத்த நாட்டிலேயே இந்த நிலை எனில், வெளியேறும் வழியை முதலில் அமைக்கும் நாட்டில்?

வெளியேறப் போகிறவர் யார்? பாளையங்கோட்டை வழக்கறிஞரின் மகனா? அவன் நான்காண்டும் படிப்பான், அதற்கு மேலும் படிப்பான். முக்கூடலில் பீடி சுற்றும் தாயின் மகள்தான் வெளியேறுவாள். நேற்றுவரை அவள் இடையில் நின்றால், "ஏனம்மா நின்றுவிட்டாய்?" என்று கேட்க ஓர் ஆசிரியராவது இருந்தார். இனி?

"ஐயா, கட்டணம் கட்ட இயலவில்லை."

"அதனாலென்ன? இந்தா பட்டயம், போய் வா!"

இடைநிற்றல் ஆட்சியின் குற்றமாக இருந்தது. அதை மாணவியின் விருப்பமாக மாற்றிவிட்டனரே, அந்தச் சாமர்த்தியத்தைத்தான் சொல்கிறேன்! 1953-இல் இராசாசி அரைநேரப் பள்ளித் திட்டம் கொண்டுவந்தார், நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். அன்று வெறுங்கையுடன் அனுப்பினர். இன்று காகிதம் தந்து அனுப்புகின்றனர்.

இதை எழுதுபவனும் ஈராண்டு படித்து, பணமின்றிக் கல்லூரியை விட்டவன்தான். அன்று ஒரு பட்டயம் தந்திருந்தால் அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன். கட்டணத்தைக் கட்டியிருந்தால் படித்து முடித்திருப்பேன்.

2021-22 கணக்கின்படி உயர்கல்வி சேர்க்கையில் தமிழகம் நூற்றுக்கு 47; இந்தியா 28. பெருமைதான். ஆனால் பொருநை பாபநாசத்தில் பொங்கினால் போதுமா? கடைமடைக்கு வரவேண்டாமா? 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் மாதம் 1000 ரூபாய் தந்தது, மாணவியை வெளியே அனுப்ப அன்று, உள்ளே இருத்த.

ஈராண்டுப் பட்டயம் இருந்துதான் தீரவேண்டுமா? இருக்கட்டும். அதைப் பெற்றவள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வாயிலில் நின்றால், மறுதேர்வின்றி, புதுக்கட்டணமின்றி மூன்றாம் ஆண்டில் அமர்த்துவோம் என்று ஒரு வரி ஆணையில் எழுதுங்கள். எழுதிவிட்டு வாருங்கள், பேசுவோம்.