மலைப் பள்ளிக் கணினியில் திறக்க வேண்டிய பக்கம்

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பூர்வீகம் குறித்து அச்சேறிய கதை ஒன்று உண்டு. எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் அது இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். மறுத்ததால் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றார்களாம். மீட்கப் புறப்பட்ட ஏழு பேரும், தங்கள் நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவைத்தார்கள். பாலாற்று வெள்ளத்துக்கு அஞ்சி நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் வந்தவர்களுக்குக் கருமாதியே முடிந்திருந்தது. சாதியில் இடமில்லாமல் வேடர் பெண்களை மணந்து மலையேறினார்கள். இத்தனைக்கும் ஆண்டு வேறு துல்லியமாக: சகம் (சக ஆண்டு) 1055. இந்த மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர்ப் பள்ளிகளில் கணினியைக் கொண்டு வரலாறு கற்பிப்பதென்றால் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி. காப்புரிமை முடிந்த நூல். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழகத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கென ஹைடெக் லேப் திட்டம் வந்தது. பாடநூலில் கியூஆர் கோடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி என்று வரிசையாக வந்தன. வரலாற்றைப் பொறுத்தவரை இவை பெரும்பாலும் பாடநூல் சொன்னதையே படத்தோடு திரும்பச் சொல்கின்றன. பள்ளிக் கணினிகளில் பெரும்பணம் போட்ட நாடுகளில் மாணவர்களின் தேர்ச்சி குறிப்பிடும்படி உயரவில்லை என்று ஓஇசிடி அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வியப்பில்லை. மனப்பாடத்துக்குத் திரை எதற்கு? மூல ஆவணத்தை மலைக்குக் கொண்டுவருவதுதான் கணினியால் மட்டும் ஆகக்கூடிய வேலை. சகம் 1055 என்ற கணக்கை யார் போட்டது, சொன்னவர் மலைக்காரரா கீழ்நாட்டவரா என்று மாணவி கேட்கத் தொடங்கினால் அங்கே வரலாறு பிறக்கிறது. சேர்வராயன் மலை மலையாளிகளிடம் வழங்கும் கதையோ வேறு; காஞ்சியிலிருந்து கிளம்பிய மூன்று சகோதரர்கள் மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்கிறது அது. வீட்டில் பாட்டி சொல்வது இன்னும் வேறாக இருக்கலாம். காஞ்சி மட்டும் ஏன் எல்லாவற்றிலும் வருகிறது?

மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தில் இதைவிட உறுதியான சான்றுகள் இருக்கின்றன. தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே வெளியிட்டது. எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் அது பொறித்து வைத்திருக்கிறது. மன்னர் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளைக்கு, ஒரு நாயின் பெயரையும் கல்லில் பொறித்த சமூகம் தன் மலைக்குக் கீழே இருந்தது தெரிய வேண்டாமா? கல்லின் படத்தைத் திரையில் பெரிதாக்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தவர், செயற்கை நுண்ணறிவுச் செயலி, இல்லாத கல்வெட்டைக் கூசாமல் எடுத்துவிடும்போது சந்தேகப்படவும் பழகியிருப்பார்.

மலையில் இணையம் நம்பத்தக்கதல்ல என்பார்கள். பத்துப் பக்கங்களை ஒருமுறை இறக்கி வைத்தால் போதும். ஆங்கிலம் தடையென்றால் தர்ஸ்டனுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. காலனிய நூலில் சாதி விலக்குக் கதையைப் படித்தால் பழங்குடிப் பிள்ளைகள் புண்படுவார்கள் என்ற ஆட்சேபம்தான் கனமானது. அந்தப் பக்கத்தைத் தீர்ப்பாக அல்ல, ஒரு தரப்பின் வாக்குமூலமாக வைக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. மறைத்து வைத்தாலும், நாளை ஏதோ ஒரு தேடலில், கேள்வி கேட்க யாரும் சொல்லித்தராத நிலையில் அதே கதை அவர்கள் கண்ணில் படும். மிஞ்சுவது தேர்வு. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தாளின் நூறு மதிப்பெண்ணில் ஐந்தையாவது பாடநூலில் இல்லாத ஒரு சான்றைக் கொடுத்து, இதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் வினாவுக்கு ஒதுக்கட்டும். ஆசிரியர்கள் தாமாகவே லேப் சாவியைத் தேடுவார்கள்.